ஜப்பானில் கோயில் முத்திரை வாங்குவது எப்படி: அசாகுசாவில் ஓர் அரை நாள்

ஜப்பானுக்குப் படிக்கப் போயிருக்கிறீர்கள். கையில் காசு குறைவு, ஊரும் பார்க்க வேண்டும். அப்படியானால் நான் முதலில் சொல்வது கோஷுயின்தான். கோயிலில் கும்பிட்டதற்கு அடையாளமாகச் சிவப்பு முத்திரை குத்தி, அதன்மேல் தூரிகையால் கருப்பு மையில் எழுதித் தருவார்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு 300 முதல் 500 யென். பௌத்த மறைநூல்களான சூத்திரங்களைக் கையால் பிரதியெடுத்துக் கோயிலில் சமர்ப்பித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த ரசீதுதான் இப்படி மாறியது என்பார்கள்.

1. நோட்டு வாங்குங்கள்

கோஷுயின்ச்சோ என்று கேளுங்கள். விசிறி மடிப்பாக விரியும், தாள் கெட்டியாக இருக்கும். பெரிய கோயில்களிலேயே கிடைக்கும். 1,500, 2,000 யென் ஆகும். சாதாரண நோட்டு உதவாது. முதல் தடவை நான் கோடு போட்ட கல்லூரி நோட்டை நீட்டினேன். எழுதுபவர் அதை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. ரயில் நிலையங்களில் இலவசமாகக் குத்திக்கொள்ளும் ஸ்டாம்பையும் இதில் சேர்க்காதீர்கள்.

2. சில்லறை

100 யென் நாணயங்கள் நிறைய இருக்கட்டும். 10,000 யென் தாளை நீட்டினால் வரிசையே உங்களைப் பார்க்கும். உண்டியலுக்கு 5 யென் நாணயம். ஜப்பானிய மொழியில் அதன் ஒலியும் 'நல்ல பந்தம்' என்ற சொல்லின் ஒலியும் ஒன்றுதான்: கோஎன்.

3. முதலில் கும்பிடுங்கள்

இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நேரே கவுன்ட்டருக்குப் போனால் அது வெறும் நினைவுப்பொருள்.

டோக்கியோவின் அசாகுசா பகுதியில் தொடங்கச் சொல்வேன், அங்கே இரண்டு வகைக் கோயிலும் அருகருகே இருக்கின்றன. கின்சா லைன் சுரங்க ரயிலில் கடைசி நிலையத்தில் இறங்கி, காமினாரிமோன் வாசலின் பெரிய சிவப்பு விளக்கைக் கடந்து, கடைத்தெரு வழியே நடந்தால் சென்சோஜி. இது பௌத்தக் கோயில். பக்கத்திலேயே அசாகுசா ஷ்ரைன், ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் கோயில். 628-இல் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பியின் வலையில் கருணையின் பௌத்த தெய்வமான கன்னோனின் சிலை சிக்கியது என்பது ஐதீகம். சிலைக்குக் கோயில் சென்சோஜி. அந்த இரண்டு மீனவர்களையும், சிலையை வைத்து வழிபடத் தன் வீட்டையே கோயிலாக்கிய ஊர்த்தலைவரையும் கும்பிடும் இடம் அசாகுசா ஷ்ரைன்.

வழிபடும் முறைதான் வேறு. சென்சோஜியில் சத்தமில்லாமல் கைகூப்ப வேண்டும், கைதட்டக் கூடாது. பக்கத்து ஷ்ரைனில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். பத்து நிமிடத்துக்குள் இரண்டையும் பழகிவிடலாம். குழம்பினால் முன்னால் நிற்கும் பாட்டியைப் பாருங்கள்.

4. கேட்பது எப்படி

சென்சோஜியில் முத்திரை தருவது பிரதான மண்டபத்தில் அல்ல, அருகிலுள்ள யோகோதோ மண்டபத்தில். வேண்டிய பக்கத்தைத் திறந்து, "கோஷுயின் ஓ இதாதகெமாஸ் கா" என்று சொல்லி நீட்டுங்கள். கூட்டமானால் எண் அட்டை தருவார்கள். எழுதும்போது பேசாதீர்கள், படமெடுக்க அனுமதி கேளுங்கள். மாலை 4, 5 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போவது நல்லது.

திரும்பி வரும் நோட்டில், எழுதிய பக்கத்தின் ஈர மை ஒட்டாமலிருக்க ஒரு மெல்லிய தாள் வைத்திருப்பார்கள், அதை உடனே எடுத்துவிடாதீர்கள். வலது ஓரத்தில் பெரும்பாலும் இருக்கும் இரண்டு எழுத்துகள் 'ஹோஹாய்', பணிந்து வணங்கினேன் என்று பொருள். தேதி ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் இருக்கும்; ரெய்வா 7 என்றிருந்தால் 2025.

எல்லாக் கோயிலிலும் தரமாட்டார்கள். ஜோதோ ஷின்ஷூ என்ற பௌத்தப் பிரிவின் கோயில்களில் பொதுவாக இந்த வழக்கம் இல்லை. அதன் தலைமைக் கோயில்களான கியோட்டோவின் இரண்டு ஹொங்கான்ஜிகளும் அப்படித்தான். ஷ்ரைன் முத்திரை இருக்கும் நோட்டில் எழுத மறுக்கும் பௌத்தக் கோயில்களும் உண்டு. அதனால் இரண்டு நோட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மாணவர் பட்ஜெட்டுக்கு ஒன்று போதும் என்பேன்.

5. நேரமிருந்தால்

ஆற்றோரமாக வடக்கே பத்து நிமிடம் போல நடந்தால் மாட்சுச்சியாமா ஷோதென் என்ற பௌத்தக் கோயில். அங்கிருக்கும் காங்கிதென் வேறு யாருமில்லை, நம் விநாயகர்தான். ஆனால் மூலவரைப் பார்க்க முடியாது, மறைத்தே வைத்திருப்பார்கள். படையல் கொழுக்கட்டை இல்லை, முள்ளங்கி! கோயிலிலேயே விற்பார்கள். படிக்கட்டிலும் விளக்கிலும்கூட முள்ளங்கிச் சின்னம்தான். தோப்புக்கரணம் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், போடவில்லை. முள்ளங்கியை வைத்துக் கும்பிட்டுவிட்டு நோட்டை நீட்டினேன்.