எஞ்சின் நின்ற பிறகு: சொந்தமாகக் கட்டிய விமானத்தை இறக்குவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஒருவர் தானே விமானம் கட்டினால், பெரும்பாலும் முதல் 25 அல்லது 40 மணி நேரம் அதைச் சோதனையாக மட்டுமே ஓட்ட வேண்டும். அது முடிந்து பக்கத்து இருக்கையில் ஆள் ஏற்றலாம் என்றானதும், எங்கள் விமானத் தளத்தில் சிலர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். எஞ்சின் இல்லாமல் இறக்கிப் பழக வேண்டும், பக்கத்தில் இருந்து பாருங்கள் என்பார்கள். ஆள் மாறுகிறது, விமானம் மாறுகிறது, தவறு மட்டும் மாறுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூக்கைத் தாழ்த்து, வேகத்தைப் பிடி, இறங்க இடம் பார் என்பதெல்லாம் முதல் பாடத்திலேயே வந்துவிடும். அவற்றை இங்கே தொடவில்லை.

அடுத்தவர் எண்ணை நம்புவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். "உங்க விமானம் எவ்வளவு தூரம் கிளைடு ஆகும்?" என்று கேட்டால் உடனே பதில் வரும்: "பத்துக்கு ஒன்று." அதாவது எஞ்சின் இல்லாமல் பத்தடி முன்னே போவதற்குள் ஓரடி இறங்குமாம். அந்த எண் எங்கிருந்து வந்தது? விளம்பரத் தாளிலிருந்து. அல்லது அதே மாடலைக் கட்டிய இன்னொருவர் சொன்னது. அவருடைய ப்ரொப்பெல்லர் வேறு, எடை வேறு, சக்கர மூடிகள் வேறு. சொந்தக் கையால் கட்டிய விமானம் என்றால் உலகத்தில் அதுபோல் இன்னொன்று இல்லை என்று அர்த்தம். அதன் எண்ணும் அதற்கு மட்டும்தான்.

நம்மூர்த் தம்பி ஒருவர், வீட்டு கராஜில் பல வருடம் உழைத்து ஆர்வி-7 என்ற மாடல் விமானத்தைக் கட்டியவர். ரிவெட் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துப் போட்டிருக்கிறார், அவ்வளவு சுத்தமான வேலை. பிட்ச், அதாவது இலைகளின் கோணம், மாற்றக்கூடிய கான்ஸ்டன்ட் ஸ்பீடு ப்ரொப்பெல்லர். ஒரு காலை நேரம், தளத்துக்கு மேலே நல்ல உயரத்தில் த்ராட்டிலை ஐடிலுக்கு, அதாவது எஞ்சின் மெல்லச் சுற்றும் அளவுக்கு, இழுத்தோம். ப்ரொப்பின் இலைக் கோணத்தை மாற்றும் நீல நாப் ஏற்கனவே பின்னால்தான், பெரிய கோணத்தில்தான் இருந்தது. 80 நாட் வேகம் பிடித்தார், நிமிடத்துக்கு 800 அடி வீதம் இறங்கிக்கொண்டிருந்தோம். கணக்குச் சரியாக வந்தது, முகத்தில் நிம்மதி.

ரன்வேக்குப் பக்கவாட்டில் வந்ததும் அவர் வழக்கமான இறங்கு பட்டியலை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நீல நாபை முன்னால் தள்ளிவிட்டார். எஞ்சின் ஓடும்போது அது சரியான பழக்கம். திரும்பவும் மேலேற வேண்டி வந்தால் ப்ரொப் தயாராக இருக்கும். எஞ்சின் இல்லாதபோது நடப்பது வேறு. இலைகள் தட்டையாகத் திரும்பி, காற்று ப்ரொப்பை வேகமாகச் சுற்றவைத்து, விமானத்தின் முன்னால் ஒரு பெரிய தடுப்பு முளைத்துவிடுகிறது. இறங்கும் வீதத்தைக் காட்டும் முள் நிமிடத்துக்கு 1,100 அடியைத் தொட்டது. அவர் கவனிக்கவில்லை. ரன்வேயின் முனை கண்ணாடியில் மெல்ல மேலே ஏறத் தொடங்கியபோதுதான் பார்த்தார். பார்த்தவர் என்ன செய்தார்? ஸ்டிக்கை இழுத்தார்.

"அண்ணே, வரும், வரும்," என்றார்.

வராது. 80-லிருந்து 70-க்கு வந்துவிட்டது வேகம், ரன்வே இன்னும் மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது. நான் த்ராட்டிலைத் தள்ளினேன். எஞ்சின் இருந்ததால் அன்று திரும்பச் சுற்றி வந்தோம்.

கணக்கைப் பாருங்கள். 80 நாட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,100 அடி முன்னே போகிறோம். அந்த நிமிடத்தில் 800 அடி இறங்கினால் பத்துக்கு ஒன்று. 1,100 அடி இறங்கினால் ஏழரைக்கு ஒன்றுகூட இல்லை. 3,000 அடி உயரத்திலிருந்து பார்த்தால் இது ஒன்றேகால் நாட்டிகல் மைலுக்கும் கூடுதலான வித்தியாசம். ஒரே விமானம், ஒரே வேகம், ஒரே ஓட்டுநர். நகர்ந்தது ஒரு நாப் மட்டும்.

மறுபடி மேலே போய் அந்த நாபை முழுதாகப் பின்னால் இழுக்கச் சொன்னேன். சைக்கிளில் பிடித்திருந்த பிரேக்கை விட்டதுபோல விமானம் முன்னே நழுவுவது முதுகில் தெரியும். அவரும் உணர்ந்தார். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஒற்றை எஞ்சின் விமானங்களில் வழக்கமாக இலைகளைப் பெரிய கோணத்துக்குத் திருப்புவது எண்ணெய் அழுத்தம்தான். பெட்ரோல் தீர்ந்து நின்ற எஞ்சினை ப்ரொப் சுற்றிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய்ப் பம்பும் ஓடும், நாப் வேலை செய்யும். எண்ணெயே கொட்டிப்போய் நின்ற எஞ்சினில் நாபை இழுத்தும் பயன் இல்லை. ஆகவே உங்களுக்கு நாப் பின்னால் இருக்கும்போது ஒன்று, முன்னால் இருக்கும்போது ஒன்று என இரண்டு எண் வேண்டும், ஒன்று போதாது.

பிட்ச் மாறாத ப்ரொப் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி. ஐடிலில் ஓடும் எஞ்சின் விமானத்தைக் கொஞ்சம் முன்னே இழுத்துக்கொண்டுதான் இருக்கும். ரோட்டாக்ஸ் போன்ற எஞ்சின்களில் ஐடில் வேகமே அதிகம். அதில் பழகியவருக்கு விமானம் உள்ளதைவிட நன்றாகக் கிளைடு ஆவதாகத் தோன்றும். உண்மையில் எஞ்சின் நிற்கும் நாளில் அந்தச் சிறு உதவி இருக்காது. எனவே ஐடிலில் கிடைத்த தூரத்தை முழுதாக நம்பாமல், அதைவிடக் கிட்டே உள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

அளப்பது கடினமான வேலை அல்ல. காற்றசையாத காலையில் தளத்துக்கு மேலே 4,000 அடிக்கு ஏறுங்கள். ஒரு வேகத்தைப் பிடித்து 1,000 அடி இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஐந்து ஐந்து நாட்டாக மாற்றித் திரும்பச் செய்யுங்கள். நாப் முன்னால் வைத்து ஒருமுறை, பின்னால் வைத்து ஒருமுறை. தனி ஆளாக ஒருமுறை, முழு எடையில் ஒருமுறை, ஏனென்றால் எடை கூடினால் நல்ல கிளைடு வேகமும் கூடும். எதிர்காற்று இருந்தால் அதன் பாதியை வேகத்தில் சேர்ப்பது வழக்கம். ஸ்டால் வேகத்தையும் (இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம்) உங்கள் மீட்டரில் தெரிகிறபடியே குறித்துக்கொள்ளுங்கள். வேக மீட்டருக்கான காற்றழுத்தத் துளையை நீங்களே ஓர் இடத்தில் வைத்திருக்கிறீர்கள், மீட்டர் காட்டுவது புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிடைத்ததை ஒரு பட்டையில் எழுதி பேனலில் ஒட்டுங்கள்.

வருடக்கணக்கில் கட்டியவர் இதற்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்க மறுப்பதை என்னால் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை.

ரன்வேயின் நுனியைக் குறிவைப்பது

எஞ்சின் இருக்கும்போது நுனியில் தொடுவது அழகு. இல்லாதபோது மூன்றில் ஒரு பங்கு தள்ளிக் குறிவையுங்கள். கண்ணாடியில் அசையாமல் நிற்கும் புள்ளிதான் நீங்கள் போய்ச் சேரும் இடம். மேலே ஏறும் புள்ளியை எட்ட மாட்டீர்கள். கீழே நழுவும் புள்ளியைத் தாண்டிப் போவீர்கள். எட்டுவது உறுதி என்று தெரிந்த பிறகே ஃப்ளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல். கூடுதல் உயரத்தைக் கரைக்க வழிகள் உண்டு, குறைந்த உயரத்தைக் கூட்ட ஒன்றும் இல்லை.

எல்லா விமானமும் ஒன்றுபோல் இறங்கும் என்று நினைப்பது

ஜெனித் சிஎச் 701 எடை குறைந்தது, இறக்கை தடித்தது, காற்றை நிறையத் தடுக்கும். எஞ்சின் நின்றதும் மூக்கை உடனே, துணிந்து தாழ்த்த வேண்டும். அது செங்குத்தாக இறங்குகிற மாதிரி பயமாக இருக்கும், அதனால் புதியவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கடைசியில் ஃப்ளேருக்கு, அதாவது தரை தொடுமுன் இறக்கத்தைத் தணிக்க, இழுத்தால் மூக்கு தூக்கும், இறக்கம் நிற்காது, சக்கரம் உடையும். எஞ்சினோடு வரும் வேகத்தைவிடக் கூடுதலாக வைத்திருந்தால்தான் அந்த வளைவை முடிக்க முடியும், ஏனென்றால் சேர்த்துவைத்த வேகம் ஃப்ளேர் தொடங்கிய ஓரிரு நொடியில் செலவாகிவிடும்.

லாங்-ஈசி இதற்கு நேர் எதிர். வழுவழுவென்று போய்க்கொண்டே இருக்கும், இறக்கையில் ஃப்ளாப் கிடையாது. வயிற்றடியில் உள்ள தடுப்புப் பலகையை மறந்தால் ரன்வே முழுவதும் தரையை ஒட்டி மிதந்துகொண்டே போகும். 701 ஓட்டியவரின் அறிவுரையை லாங்-ஈசியில் பின்பற்றினால் எதிர்ப்பக்க வேலியில்தான் நிற்பீர்கள்.

சைடுஸ்லிப் பழகாமல் விடுவது

1983-ல் கனடாவில் எரிபொருள் தீர்ந்த போயிங் 767-ஐ கிம்லியில் இறக்கிய கேப்டன் பாப் பியர்சன் உயரத்தைக் கரைத்தது இப்படி விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுத்தான். அவர் கிளைடரும் ஓட்டியவர். சிறு விமானத்தில் இது இன்னும் எளிது: ஒருபக்கம் இறக்கையைச் சாய்த்து, எதிர்ப்பக்கம் ரடரை (வாலில் உள்ள திருப்பும் பலகை) மிதியுங்கள். அந்த நேரத்தில் வேக மீட்டர் தவறாகக் காட்டலாம். எவ்வளவு தவறு, எந்தப் பக்கச் சாய்வில் தவறு என்பதை உயரத்தில் வைத்தே பார்த்துவிடுங்கள்.

புறப்பட்டதும் எஞ்சின் நின்றால் ரன்வேக்கே திரும்ப முயல்வது

எந்த உயரத்துக்குக் கீழே திரும்பமாட்டேன் என்பதை ஓடத் தொடங்கும் முன் சத்தமாகச் சொல்லுங்கள். திரும்பும்போது 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும், 60-ல் 41.

பயிற்சியில் எஞ்சினை மறப்பது

கார்புரேட்டர் இருந்தால் அதில் பனி உறையாமல் இருக்க ஹீட் போடுங்கள். 1,000 அடிக்கு ஒருமுறை த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளி எழுப்புங்கள்.

கைக்கு எட்டாத வால்வு

இறங்கும் திறமை எவ்வளவு இருந்தாலும் இதில் தவறினால் போச்சு. 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில் பசிபிக் குரோவ் அருகே பாடகர் ஜான் டென்வர் தனியாக ஓட்டிய லாங்-ஈசி கடலில் விழுந்தது. அதைக் கட்டியவர் பெட்ரோல் டாங்க் மாற்றும் கைப்பிடியை வடிவமைப்பில் இருந்த இடத்தில் வைக்காமல் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடம்பை முறுக்க வேண்டும், அப்போது வலது கால் ரடரை மிதித்துவிடும். அப்படித்தான் கட்டுப்பாடு போனது என்று விசாரணை முடிவு சொன்னது. கைப்பிடியில் எந்த அடையாளக் குறியும் இல்லை.

டென்வர் அந்த விமானத்தை வாங்கியவர், கட்டியவர் அல்ல. நீங்கள் கட்டுபவர் என்றால் வால்வை எங்கே வைக்கிறீர்கள் என்பது பின்னால் வாங்கப்போகிறவருக்கும் சேர்த்துத்தான். வாங்குபவர் என்றால், ஹேங்கருக்குள் நிற்கும்போதே இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை முழுதாக இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு டாங்க்குக்கும் மாற்றிப் பாருங்கள். யாராவது ஒருவரை வெளியே நிறுத்தி, அந்த நேரத்தில் ரடர் அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அசைந்தால் வால்வை இடம் மாற்றும் வரை பறக்க வேண்டாம்.