வால்வு ரேடியோ வாங்கப் போகிறீர்களா? 'பாடுதா?' என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள்

டிரான்சிஸ்டருக்கு முந்தின, கண்ணாடிக் குழல் மாதிரியான வால்வுகளில் ஓடும் பழைய வால்வு ரேடியோ ஒன்று கண்ணில் பட்டதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி "பாடுதா?" என்பதுதான். மூர் மார்க்கெட் பக்கத்துக் கடையானாலும் சரி, வண்ணாரப்பேட்டை காயலாங்கடையானாலும் சரி, ராயபுரத்தில் வீட்டைக் காலி செய்கிறவர்கள் பரணிலிருந்து இறக்கி வைத்ததானாலும் சரி, கேள்வி மாறாது. சேகரிக்க வாங்குகிறவர் அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். பாடாத செட்டைப் பாட வைத்துவிடலாம், அதற்கு வேண்டிய கண்டென்சரும் ரெசிஸ்டரும் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உடைந்த டயல் கண்ணாடியும் ரம்பம் பட்ட மரப்பெட்டியும் அப்படி இல்லை, போனால் போனதுதான். விலை நிற்பது இந்த இரண்டிலும்தான்.

அப்புறம், "சூப்பரா பாடுதுண்ணே" என்று கடைக்காரர் போட்டுக் காட்டும்போது, பாடுவது எது என்று பாருங்கள். எஃப்எம் கணீரென்று கேட்டால் சந்தேகப்படுங்கள். சென்னைக்கு எஃப்எம் வந்ததே 1977இல்தான், அதற்கு முன் இங்கே விற்ற மர்பி, புஷ், பிலிப்ஸ் மரப்பெட்டி வால்வு செட்டுகளில் மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான் இருக்கும். அதில் எஃப்எம் கேட்கிறது என்றால், சாஸியை, அதாவது பாகங்களெல்லாம் மாட்டியிருக்கும் உள் இரும்புத் தட்டை, கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு உள்ளே ஒரு ரெடிமேட் எஃப்எம் கிட்டை ஒட்டியிருக்கிறார்கள், இப்போதெல்லாம் புளூடூத்தும் சேர்த்து. வால்வு எரிகிற மாதிரி தெரிய உள்ளே மஞ்சள் எல்இடி வைக்கிற புண்ணியவான்களும் உண்டு. ஜெர்மன் செட்டுகள் விதிவிலக்கு, கிரண்டிக், டெலிஃபங்கனில் ஐம்பதுகளிலேயே 'யூகேடபிள்யூ' என்ற பெயரில் எஃப்எம் பேண்டு வந்துவிட்டது. மற்றதையெல்லாம் மீடியம் வேவில் சோதியுங்கள். ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை ஏ நிலையம் 720 கிலோஹெர்ட்ஸ். பழைய டயலில் பெரும்பாலும் மீட்டர் கணக்குதான் போட்டிருக்கும், 3,00,000ஐ 720ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 417 வரும், முள் அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முள் ஒரு பக்கம், நிலையம் வேறு பக்கம் என்றால் முள்ளை நகர்த்தும் டயல் கயிறை யாரோ தப்பாகக் கட்டியிருக்கலாம், இல்லை கண்ணாடியே வேறு செட்டுடையதாக இருக்கலாம்.

ஆனால் இந்தச் சோதனைக்காக, பல வருஷம் பரணில் கிடந்த செட்டை நேராக பிளக்கில் சொருகிப் போட்டுப் பார்ப்பதுதான் இருக்கிறதிலேயே பெரிய தவறு. உள்ளே இருக்கும் பழைய பேப்பர் கண்டென்சர்கள் ஈரம் குடித்து லீக் ஆகியிருக்கும், எலக்ட்ரோலிடிக் வகைக் கண்டென்சர்கள் காய்ந்துபோயிருக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிடுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர் லீக் ஆனால் அந்த வால்வு கண்டபடி கரண்டை இழுத்து, கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் பலி வாங்கிவிடும். ஐந்து நிமிஷம் பாடிக் காட்டிவிட்டு நிரந்தரமாக வாய் மூடிய செட்டுகள் இந்த ஊரில் ஏராளம். "அப்படியே கொடுங்க, போட்டுப் பார்க்க வேணாம்" என்று சொல்லி அதற்கேற்ற விலையில் வாங்குவதே புத்திசாலித்தனம். போட்டே ஆக வேண்டும் என்றால் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகச் செட்டுக்குப் போகிற மாதிரி, மாட்டிப் போடச் சொல்லுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

பின்பலகையைத் திறக்காமல் பேரம் பேசாதீர்கள். திறக்கும் முன் பிளக் வெளியே இருக்கிறதா பாருங்கள், திறந்ததும் உள்ளே கையை விட்டுவிடாதீர்கள், கண்டென்சரில் சார்ஜ் தங்கியிருக்கலாம். வால்வு மேல் எழுதியிருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள், எழுத்தைத் தேய்க்கக் கூடாது, விரல் பட்டாலே அழியும். பிலிப்ஸ் வழி வந்த ஐரோப்பிய வால்வுகளில் அந்த எழுத்துகளே நிறையச் சொல்லிவிடும். முதல் எழுத்து ஆங்கில 'இ' என்றால் ஃபிலமென்ட், அதாவது வால்வைச் சூடாக்கும் இழை, 6.3 வோல்ட், அப்படிப்பட்ட செட்டில் பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இருக்கும். 'யூ' என்றால், அதாவது யூசிஹெச்42, யூஎல்41, யூஒய்41 என்று வரிசையாக இருந்தால், அது ஏசி-டிசி செட். டிரான்ஸ்பார்மர் கிடையாது, எல்லா ஃபிலமென்டும் சீரிஸ், ஒன்று போனால் எல்லாமே அணைந்துவிடும். அதைவிட முக்கியம், பிளக் திரும்பி மாட்டினால் சாஸி முழுக்கக் கரண்ட் நிற்கும். நாப் கழன்று வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிற ஏசி-டிசி செட்டைத் திருகிப் பார்க்கிறவரை நான் பார்த்திருக்கிறேன், நல்லவேளை பிளக் மாட்டவில்லை.

எழுத்துகளுக்குப் பின் வரும் எண்ணின் முதல் இலக்கத்தையும் கவனியுங்கள், வால்வின் அடி எந்த வகை என்று அது சொல்லும். 3 என்றால் தடித்த அடியுள்ள ஆக்டல், 4 என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த ரிம்லாக், இசிஹெச்81, இஎல்84 மாதிரி 8 என்றால் ஒன்பது பின் நோவல், அதாவது ஐம்பதுகளும் அதற்குப் பிறகும். "வெள்ளைக்காரன் காலத்து ரேடியோ, சுதந்திரத்துக்கு முன்னாடி வாங்கினது" என்று கதை சொல்கிறவர் செட்டில் ஒன்பது பின் சாக்கெட் வரிசையாக இருந்தால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்துக் கேளுங்கள். வால்வை மாற்றியிருக்கலாம், எல்லா சாக்கெட்டையும் மாற்றுகிற வேலையை யாரும் செய்வதில்லை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸின் 'பெல்' முத்திரை இருந்தால் அந்த வால்வு அறுபதுகளிலோ அதற்குப் பின்னோ வந்தது.

பழசு என்பதாலேயே விலை என்பதும் தப்புக் கணக்குதான். மர்பி, பிலிப்ஸ் சாதா மாடல்கள் ஆயிரக்கணக்கில் விற்றவை, இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. பேர் பெரிது என்று பணத்தைக் கொட்டாதீர்கள், முழுசாக இருக்கிற சாதா மாடல், அரைகுறையாக இருக்கிற அபூர்வ மாடலைவிட சுலபமாகக் கைமாறும்.

இனி துடைப்பது. வாங்கிய அன்றே டயல் கண்ணாடியைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். மதராஸ், கொழும்பு, டெல்லி, லண்டன் என்ற எழுத்துகள் கண்ணாடியின் பின்பக்கம் அச்சானவை, காலப்போக்கில் பொரிந்து நிற்கும். ஈரத் துணி பட்டால் ஊர் ஊராகத் துணியோடு வந்துவிடும், கடைசியில் கையில் மிஞ்சுவது வெறும் கண்ணாடிச் சில்லு. முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். மரப்பெட்டிக்கு வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவதும் இதே ரகம்தான், பழைய பாலிஷ் இருந்தால் அதற்குத்தான் மதிப்பு. ஸ்பீக்கர் துணி கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும், சட்டைத் துணியை வெட்டி ஒட்ட வேண்டாம்.

நம் பக்கத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல், கடல் காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் இருந்த செட் என்றால் பெட்டி பளிச்சென்று இருந்தாலும் சாஸியைப் பாருங்கள். துரு கொஞ்சம் இருக்கலாம். நிலையம் மாற்றும்போது சுழலும் கேங் தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும், காயிலின் மெல்லிய கம்பி பச்சை பிடித்திருந்தாலும் வேலை அதிகம். அடிப்பலகையில் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் கரையான் ஏற்கெனவே குடியேறிவிட்டது.

தபால் ஆபீஸில் வருஷா வருஷம் புதுப்பித்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கூடவே கிடைத்தால் விடாதீர்கள், வீட்டுக்காரர்கள் அதைக் குப்பையில்தான் போடுவார்கள்.

"வால்வுக்குள்ள சிவப்பு பாதரசம் இருக்கு, லட்சக்கணக்கில் போகும்" என்று வருகிற ஆளிடம் பேச்சே வேண்டாம். அப்படி ஒரு பொருளே இல்லை, சுத்தப் புரளி. வால்வின் உச்சியில் வெள்ளி மாதிரி மின்னுவது பேரியம் பூச்சு, மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சுவதற்காக வைத்தது. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்தது. ஆனால் ஒன்றிரண்டு வால்வு செத்தது, இல்லாமலே இருக்கிறது என்பதற்காக நல்ல பெட்டியும் முழு டயலும் உள்ள செட்டை விட்டுவிட்டு வராதீர்கள். இஎல்84 இன்றும் புதிதாகத் தயாராகிறது, ஆம்ப்ளிஃபயர் பைத்தியங்களின் புண்ணியம். மற்ற சாதா வால்வுகளும் பழைய ஸ்டாக்கில் கிடைக்கும்.