ஏற்காட்டு ஈரமும் புள்ளி விழுந்த வானமும்

பகோடா பாயிண்டிலிருந்து தெரியும் மலைகளை நீர்வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தேன். வானத்துக்கு நீலம் பூசியதும் ஆங்காங்கே கரும்புள்ளிகள். அந்த இடங்களில் வண்ணம் பரவாமல் தாளுக்குள் இறங்கிவிட்டது. இதில் ஒரு வாரத்துக்கு மேல் வீணாயிற்று.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். கேன் தண்ணீருக்கு மாறியும் பயனில்லை. வேறு நீலம், புதுத் தூரிகை. புள்ளிகள் அப்படியே இருந்தன.

பிறகு ஒரு தாளில் வெறும் தண்ணீரைப் பூசி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வண்ணமே இல்லை, ஆனாலும் எண்ணெய் பட்ட காகிதம் போல அதே புள்ளிகள்! காய்ந்ததும் மறைந்துவிட்டன. உலர்ந்த தாளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. மழைக்கால ஈரத்தில், தண்ணீர் உடனே உள்ளிறங்காமல் தடுக்கும் தாளின் ஜெலட்டின் (பசை போன்ற புரதம்) பூச்சு கெட்டிருக்கிறது. அது போன இடத்தில் தாள் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது.

அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சுவையூட்டாத ஜெலட்டினை ஊறவைத்து, மெல்லச் சூடாக்கிக் கரைத்தேன். கொதிக்கவிடக் கூடாது, பிடிப்பு குறைந்துவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலத் தூரிகையால் இருபுறமும் பூசினேன். மலை மூடுபனியில் எதுவும் காயாது என்பதால், இந்த வேலையைச் சேலத்தில் தங்கை வீட்டில் வைத்துக்கொண்டு, தாள்களைக் கொடியில் தொங்கவிட்டேன்.

வானம் சீராகப் படிந்தது, அப்பாடா! பூஞ்சை நெடி அடித்த தாள்களைப் பென்சில் ஓவியத்துக்கு ஒதுக்கிவிட்டேன். மற்றவை இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் இருக்கின்றன.