தூரத்தை 900-ஆல் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் சுமார் 5,540 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், ஆக ஆறு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். டிக்கெட்டிலோ போகும்போது ஏறக்குறைய எட்டு மணி நேரம், வரும்போது ஏழு என்று இருக்கும். அந்த 900, காற்றோடு ஒப்பிட்ட வேகம். தரையில் எவ்வளவு தூரம் நகர்கிறோம் என்பதைக் காற்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்று சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே போனால் அது தள்ளிவிடும், மேற்கே போனால் எதிர்த்து நிற்கும். போதாததற்கு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கியபின் வாயிலுக்கு வந்து சேர்வதும்கூட டிக்கெட் நேரத்தில் அடக்கம்.

சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதும் தவறு. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு பூமி உருண்டை மாதிரியில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கிரீன்லாந்தின் மேல் போகும். அதுதான் குறுகிய வழி. அந்த வழியிலேயே எப்போதும் பறக்க முடியும் என்றும் இல்லை. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபின், ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பது பத்து மணி நேரத்திலிருந்து சுமார் பதின்மூன்று மணி நேரமாகிவிட்டது.

பணத்தையும் நிம்மதியையும் அதிகம் பறிப்பது தேதிக் குழப்பம்தான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் ஏறுகிற ஊரின் நேரம், இறங்கும் நேரம் போய்ச் சேருகிற ஊரின் நேரம். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் திங்கள் இரவு 11 மணிக்கு ஏறுகிறீர்கள், பறப்பது 12 மணி நேரம் என்று வையுங்கள். டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இறங்கும்போது அங்கே புதன் அதிகாலை 4 மணி. செவ்வாய்க்கிழமை முழுசாகக் காணாமல் போயிருக்கும். அன்றைக்கு ஹோட்டல் அறை எடுத்தவருக்கு ஒரு நாள் வாடகை வீண். திரும்பும்போது தலைகீழ்: புதன் மாலை 5 மணிக்கு ஏறி, 10 மணி நேரம் பறந்து, அதே புதன் காலை 10 மணிக்கு இறங்குவீர்கள். இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிக் கழித்தால் உண்மையான பயண நேரம் கிடைத்துவிடும். கோடையில் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்வதால் அந்த 17 மணி, 16 ஆகிவிடும். பயணத் தேதிக்கு உரிய வித்தியாசத்தைப் பாருங்கள்.

மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609. ஹீத்ரூ–ஜேஎஃப்கே தூரமான 2,991 கடல் மைலைச் சாதாரண மைலாக எடுத்தால் 700 கிலோமீட்டருக்கு மேல் குறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. 'டோக்கியோ' என்று ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து இணைப்பு விமானம் பிடிக்காதீர்கள். அங்கே நரிதா விமான நிலையம் வேறு, ஹனேடா விமான நிலையம் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்திலோ ரயிலிலோ போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டியை எடுத்து, குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வரும் நேரம் அது போகத் தனி.