ரொமாரியோவின் கோல் கணக்கைப் படிக்கும் முறை

பிரேசிலின் கால்பந்து முன்கள வீரர் ரொமாரியோவை மதிப்பிட விரும்புவோர், 2007 மே மாதத்தில் வாஸ்கோ ட காமா அணிக்காக அவர் பெனால்டியில் அடித்த ‘ஆயிரமாவது கோலை’ முதற்சான்றாகக் கொள்ள வேண்டாம். அந்த எண்ணிக்கை அவர் தரப்பு வைத்திருந்த கணக்கு. அதில் இளையோர் ஆட்டங்களும் நட்பு ஆட்டங்களும் அடங்கும். எனவே லீக், கோப்பை, ஐரோப்பியப் போட்டி, தேசிய அணி எனத் தனித்தனியே பிரித்து எழுதிக்கொண்ட பிறகே கூட்டத் தொடங்குங்கள்.

அடுத்து ஒரே ஒரு பருவத்தை ஆழமாகப் பாருங்கள். என் தேர்வு 1993-94. நெதர்லாந்தின் பி.எஸ்.வி. அணியிலிருந்து பார்சிலோனாவுக்கு வந்த அவர், அந்த ஆண்டு ஸ்பெயின் லீக்கில் 33 ஆட்டங்களில் 30 கோல்கள் அடித்தார். 1994 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என வென்ற ஆட்டத்தின் பதிவு கிடைத்தால், அவருடைய மூன்று கோல்களுள் முதலாவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தைப் பெற்று, ஒரே சுழற்சியில் தடுப்பாளர் அல்கோர்ட்டாவைக் கடக்கும் விதம் எந்தப் புள்ளிவிவரத்திலும் அடங்காது.

சூழலையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் மூன்று வெளிநாட்டவரே ஒரே நேரத்தில் களமிறங்கலாம் என்பதால், கூமன், ஸ்டோய்ச்கோவ், லவுட்ரப், ரொமாரியோ ஆகிய நால்வரில் ஒருவரைப் பயிற்சியாளர் க்ரைஃப் வெளியே வைக்க வேண்டியிருந்தது.

1994 உலகக் கோப்பைக்குப் பிந்தைய பகுதியை விரைவாகக் கடக்கலாம். 1995 தொடக்கத்திலேயே அவர் பிரேசிலின் ஃபிளமெங்கோ அணிக்குத் திரும்பிவிட்டார்.