ஐந்து தந்தி பேஸ் கிட்டார்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிப்பவர்கள் ஐந்தாவது தந்தியை நாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாடகரின் கட்டைதான், அதாவது அவர் பாடும் சுருதிதான். நான்கு தந்திக் கருவியின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் இ, அதாவது மூன்று கட்டையின் ஷட்ஜம். பாடல் ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ அமைந்தால் அதற்குரிய கீழ் ஷட்ஜம் கருவியில் கிடைக்காது; ஒரு ஸ்தாயி மேலே ஏறித்தான் வாசிக்க வேண்டும். ஐந்தாவதாக, இன்னும் தாழ்ந்த பி தந்தி சேர்ந்தவுடன் அதன் முதல் ஃப்ரெட்டில் (விரலால் அழுத்தும் உலோகக் கட்டத்தில்) ஒரு கட்டையும் மூன்றாம் ஃப்ரெட்டில் இரண்டு கட்டையும் கைக்கு வந்துவிடுகின்றன. இந்தத் தேவையோடு மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய் இரண்டு மூன்று கருவிகளை எடுத்து வாசித்துப் பார்ப்பவர்கள், கருவிக்குக் கருவி மாறும் தந்தியின் வயதையும் ஒலியின் அளவையும் கடையின் அறையையும் ஒப்பிட்டுவிட்டு, அதையே கருவியின் குணம் என்று எழுதிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

தந்தியின் வயதும் வகையும் ஒலியை மாற்றும் அளவுக்கு, ஒரே விலைத் தரத்தில் உள்ள இரண்டு கருவிகளின் வேறுபாடு மாற்றுவதில்லை. நிக்கல் சுற்றிய தந்தியைவிடத் துருவேறா எஃகு சுற்றிய தந்தி கூர்மையாக ஒலிக்கும். தட்டைச் சுற்றுத் தந்தி மேல் ஒலிகளை அடக்கி விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். கடையில் பல மாதங்கள் தொங்கி, வந்தவர் போனவர் எல்லோர் கையும் பட்ட கருவியையும், நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த கருவியையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு முன்னதை ‘மந்தம்’ என்பதும் பின்னதை ‘துல்லியம்’ என்பதும் நியாயமாகாது. இரண்டிலும் ஒரே வகைப் புதுத் தந்தி போட வழியில்லை என்றால், அன்றைக்கு நெக்கின், அதாவது கருவியின் கழுத்தின் வடிவையும் எடையையும் தந்தி இடைவெளியையும் மட்டும் தீர்மானித்துக்கொண்டு, தொனியைப் பற்றிய முடிவைத் தள்ளிவைப்பதே முறை.

அடுத்த தவறு, ஒலி அளவைச் சமன் செய்யாமல் கேட்பது. 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் ஆக்டிவ் கருவி பல சமயம் மின்கலம் இல்லாத பாஸிவ் கருவியைவிட உரக்க ஒலிக்கும். மனிதக் காதோ ஒலி உரக்க ஆக ஆகத் தாழ்ந்த ஒலிகளைக் கூடுதலாக உணரும் இயல்புடையது. ஆகவே உரத்த கருவிதான் எப்போதும் ‘நிறைவாக’ இருப்பதாகத் தோன்றும். இரண்டு கருவியிலும் ஏ தந்தியைத் திறந்து மீட்டி, ஒரே அளவில் கேட்கும்வரை ஆம்பின் (ஒலிபெருக்கியின்) கெயின் குமிழைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆக்டிவ் கருவியின் பேஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் தட்டுப்படும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கேபிளைச் செருகியே வைத்திருந்தால் மின்கலம் தீர்ந்துகொண்டே போகும் என்பதால், கடைக் கருவியின் ஒலி கரகரத்தால் பழி கருவியின் மேல் விழுவதற்கு முன் மின்கலத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

மிகுதியாக ஏமாற்றுவது ஸ்கேல் நீளம், அதாவது தந்தியின் அதிரும் பகுதியின் நீளம். 1951இல் ஃபெண்டர் நிறுவனம் தன் முதல் பேஸ் கிட்டாருக்கு வைத்த 34 அங்குலமே இன்றும் பொது அளவாக இருக்கிறது. பி தந்தி தளர்ந்து தொங்காமல் இருக்க 35 அங்குலம் கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், தந்தியும் சுருதியும் மாறாமல் நீளம் மட்டும் 34லிருந்து 35 ஆனால் இழுவிசை ஏறத்தாழ 6 சதவீதம் கூடும். அதே 34 அங்குலக் கருவியில் 0.125 அங்குலத் தடிமனுள்ள பி தந்தியைக் கழற்றிவிட்டு 0.130 போட்டால் ஏறத்தாழ 8 சதவீதம் கூடும். பல ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குத் தேடிய இறுக்கம் ஒரு தந்தி மாற்றத்தில் கிடைத்துவிடலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: தந்தி தடிக்கத் தடிக்க விறைப்பு கூடி, மேல் ஸ்வரங்கள் அடிப்படை அதிர்வின் சரியான மடங்குகளிலிருந்து விலகி, ஒலி மழுங்கத் தொடங்கும்; நீளத்தால் வரும் இறுக்கத்தில் இந்தக் குறை சேர்வதில்லை. டிங்வால் போன்ற பேஸ் தயாரிப்பாளர்கள் ஃப்ரெட்டுகளை விசிறிபோல விரித்து, பி தந்திக்கு 37 அங்குலமும் ஜி தந்திக்கு 34 அங்குலமும் கொடுப்பது இதனால்தான். அங்கே பி தந்தியின் இழுவிசைக் கூடுதல் 18 சதவீதத்தை எட்டுகிறது.

இவ்வளவு நுணுக்கமும் இருக்க, கடையில் பி தந்தியைத் திறந்து ஒரு முறை ஓங்கி இழுத்து, நெஞ்சு அதிர்ந்தால் ‘அருமை’ என்று முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சோதனையால் தெரிய வருவது ஆம்பின் வலிமை மட்டுமே. பி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் கிடைப்பது திறந்த இ தந்தியின் அதே ஸ்வரம். பத்தாம் ஃப்ரெட்டில் கிடைப்பது திறந்த ஏ தந்தியின் அதே ஸ்வரம். இந்த இணைகள் ஒவ்வொன்றிலும் ஃப்ரெட் ஸ்வரத்தையும் திறந்த தந்தியையும் மாற்றி மாற்றி, ஒரே இடத்தில் ஒரே விசையுடன் மீட்டிக் கேட்க வேண்டும். தந்தி மாறியதால் குரல் கொஞ்சம் இருண்டால் அது இயல்பு. வேறொரு கருவியிலிருந்து வருவதுபோல ஒலித்தால் அந்தப் பி தந்தி மற்ற நான்கோடு சேராது என்று பொருள். உடலின் முனையில் தந்திகளைத் தாங்கும் பாலத்தில், தந்தி அமரும் சேடில் மேல் சரியாக மடியாமல் வளைந்து கிடந்தாலும் இதே கலக்கம் வரும் என்பதால், அவ்விடத்தில் விரலால் மெல்ல அழுத்திவிட்டு மறுபடி கேட்பது நல்லது.

பழைய கருவி தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐந்து தந்தி என்றாலே தாழ்ந்த பி என்று பொருளல்ல. 1965இல் வந்த ஃபெண்டர் பேஸ் ஃபைவில் ஐந்தாவதாக இருந்தது உயர்ந்த சி தந்தி. தாழ்ந்த பி உள்ள கருவியை அலெம்பிக் நிறுவனம் பேஸ் கலைஞர் ஜிம்மி ஜான்சனுக்காக 1976இல் செய்து கொடுத்த பிறகே இன்றைய வழக்கம் வேரூன்றியது. இன்றும் சிலர் விருப்பப்படி சி தந்தி போட்டு விற்கிறார்கள். அதன் தொனியைப் பி தந்திக் கருவியின் தொனியோடு ஒப்பிடுவது வீண் வேலை.

கைக்கு உகந்ததா என்பதை இடக் கையை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதும் பரவலான பிழை. பாலத்தில் தந்திகளுக்கு இடையே ஐபானெஸின் எஸ்ஆர் 505 வைத்திருப்பது 16.5 மில்லிமீட்டர், மியூசிக் மேனின் ஸ்டிங்ரே 5 வைத்திருப்பது 17.5, 19 மில்லிமீட்டர் வைக்கும் கருவிகளும் உண்டு. எண்ணில் அற்பமாகத் தெரியும் இவ்வேறுபாடு நான்கு இடைவெளிகளில் சேர்ந்து, முதலாவதற்கும் கடைசியானதற்கும் இடையே பி தந்தியை 10 மில்லிமீட்டர் தள்ளிவைத்துவிடுகிறது. கட்டை விரலால் அறைந்து வாசிப்பவருக்கு அகலம் வசதி. விரலால் மட்டும் வாசித்து, சும்மா இருக்கும் பி தந்தியைக் கட்டை விரலால் அடக்கிக்கொள்பவருக்குக் குறுகலே வசதி. அடக்காத பி தந்தி மற்ற தந்திகளின் அதிர்வுக்கு எழுந்து முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலைக் கேட்டுவிட்டுக் கருவியின் தொனி கலங்கலாக இருக்கிறது என்று குறை சொல்பவர்களைப் பார்க்க முடிகிறது.

செட்டிநாட்டில் வாசிப்பவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக எண்ண வேண்டியது இடத்தைப் பற்றி. பி தந்தியின் அதிர்வு நொடிக்கு 30.87, காற்றில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 18 அடி உள்ள மூடிய அறையில் அந்த அலையின் பாதி சரியாகப் பொருந்திவிடுவதால், அங்கே பி தந்தி மட்டும் வீங்கி ஒலிக்கும். அதே கருவி திறந்தவெளிக் கோவில் திருவிழா மேடையில் எங்கே போனது என்று தேட வைக்கும். நகரத்தார் வீடுகளில் கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டு சாந்திக்கும் கச்சேரி வைக்கும்போது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கண்ணாடிபோல் மினுக்கிய சுண்ணாம்புச் சுவரும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்ப, வானம் பார்த்த வளவு எனும் நடு முற்றம் மட்டும் அதில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடுகிறது. முகப்பில் கேட்பதும் வளவில் கேட்பதும் வேறு வேறாக இருக்கும். கம்பளமும் குளிர்சாதனமும் உள்ள கடை அறையில் இனித்த பேஸ் ஒலி இங்கே அப்படியே வரும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

மேலும், பெரும்பாலான பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் 31 ஹெர்ட்ஸை வலுவாகத் தருவதில்லை. நாம் கேட்பது பெரிதும் அதன் மடங்குகளான 62, 93 ஹெர்ட்ஸ் ஒலிகளையே. அடிப்படை ஒலியைக் காதும் மூளையும் சேர்ந்து நிரப்பிக்கொள்கின்றன. எனவே பேஸ் குமிழை முழுதும் திருப்பினால் இடிமுழக்கம் செய்யும் கருவியைவிட, நடு ஒலி தெளிவாக உள்ள கருவியே கல்தரைக் கூடத்தில் ஸ்வரத்தைப் பிரித்துக் காட்டும். கைபேசியில் காணொளி ஒப்பீடுகளைக் கேட்டு முடிவெடுப்பவர்களுக்கு இந்த அடிப்படை ஒலி அறவே எட்டாது. நல்ல ஹெட்ஃபோன் இல்லாமல் அவற்றைக் கேட்பதில் பயனில்லை.

சென்னையின் கடற்கரை ஈரத்தில் இருந்த கருவி செட்டிநாட்டுக் கோடை வறட்சிக்கு வந்ததும் மரம் ஈரத்தை இழந்து சுருங்கும்; நெக்கின் வளைவு மாறும், ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். கடையில் தாழ்வாக இருந்த தந்தி உயர்வாகவோ, ஃப்ரெட்டில் உரசிக் கரகரப்பதாகவோ ஆனால், நெக்கின் வளைவைத் திருத்தும் உட்கம்பியான ட்ரஸ் ராடைச் சரிசெய்து முடிக்கும்வரை எந்த ஒப்பீடும் செல்லாது. காரைக்குடி வீணை மரபுக்குப் பேர் போன ஊர்; மெழுகில் மெட்டுகளைத் திருத்தி மேளம் கட்டிய பிறகே வீணையின் நாதத்தை மதிப்பிட வேண்டும் என்பதை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேஸ் கிட்டாருக்கு மட்டும் அந்தப் பொறுமையை ஏனோ காட்டுவதில்லை.

உடல் என்ன மரம் என்ற விவாதத்தில் நேரம் செலவிடுவதைவிட, நெக்கின் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஸ்வரத்தை நீட்டி ஒலிக்கவிட்டு, ஜி தந்தியின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஃப்ரெட்டுகளில் ஒலி சட்டென்று அடங்கிப் போகிறதா என்று பார்ப்பது பலன் தரும். போல்ட் போட்டுப் பொருத்திய நெக் உள்ள பல கருவிகளில் இந்த உயிரற்ற இடம் அந்தப் பகுதியில்தான் வரும். இதை உட்கார்ந்து பார்த்தால் போதும். எடையையும், தலைப்பக்கம் கீழே சாய்கிறதா என்பதையும், மேடையில் அணியும் அதே பட்டையைக் கையோடு கொண்டுபோய் நின்றுகொண்டு, நாலைந்து பாடல் நீளத்துக்காவது வாசித்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாவது தந்திக்குச் சுருதி சேர்க்கும் சாவியின் எடை தலைப்பக்கத்தில் கூடுவதால், நான்கு தந்திக் கருவியில் சாயாத அதே வடிவம் இதில் சாயக்கூடும். அப்போது இடக் கை நெக்கைத் தாங்குவதிலேயே களைத்துவிடும்.