மாட்டுக் கொட்டகையில் பிசகும் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செபராங் பிறை பக்கம் பத்துப் பதினைந்து மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்களின் கணக்குப் புத்தகத்தில் தவிடு, பிண்ணாக்கு, ஆள் கூலி, ஊசி மருந்து எல்லாம் இருக்கும். கறக்காமல் போன பால் மட்டும் எங்கேயும் இருக்காது. நோய்த்தடுப்பு வீண் செலவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

மடி நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். மடி வீங்கி, பால் திரிந்து வந்தால்தான் நோய் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் வெளியே தெரியாத மடி நோய்தான் அதிகம். பால் பார்க்க நன்றாகவே இருக்கும், அளவுதான் குறையும். தினம் 1 லிட்டர் குறைகிறது, லிட்டர் 5 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால், 300 நாள் கறவையில் ஒரு மாட்டுக்கு 1,500 வெள்ளி போச்சு. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கும் செலவை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம், கறந்து அரை மணி நேரமாவது காம்புத் துளை மூடாது. அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி ஏறிவிடும். கறந்த கையோடு தீனி வைத்தால் நின்றபடியே தின்னும். எப்படியும் போடப்போகிற தீனிதானே! நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறப்பதற்கும் காசு வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலில் மருந்து தங்கியிருக்கும்; அது நீங்கும்வரை விற்கக் கூடாது என்கிற கெடு முடிவதற்குள் அந்தப் பாலைக் கேனில் கலப்பது இன்னும் மோசம். இரண்டு லிட்டரைக் காப்பாற்றப் போய் மொத்தப் பாலும் திரும்பி வரும்.

வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரியில் பெரிய மாடு சாவது அபூர்வம், அதனால் தடுப்பூசி எதற்கு என்பார்கள். சாகாதுதான். ஆனால் பால் சரியும், கால் நொண்டும், சினை தள்ளிப்போகும், தீனிச் செலவு மட்டும் குறையாது. தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறக்காமல் போட வேண்டும்.

தைப்பூசப் பால்குடத்துக்கு ஆர்டர் குவியும்போது அவசரமாக மாடு வாங்கி அன்றைக்கே மந்தையோடு கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். 2021இல் மலேசியாவுக்குள் வந்த, தோலெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பும் தோல் கழலை நோயை ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பும், ஆகவே தனியே கட்டினால் மட்டும் போதாது; சாணிக்குவியலையும் அப்புறப்படுத்த வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு, கடைக்காரர் காட்டும் டானிக் எல்லாவற்றையும் வாங்குவது. அந்தக் காசில் முதலில் கொட்டகையில் மூத்திரம் தேங்காதபடி வாய்க்கால் போடுங்கள். மிச்சம் இருந்தால் டானிக்கைப் பார்க்கலாம்.